அண்ணன் பக்கத்தில் ஓர் இடம்!

வான்கா என்றதும் நம்மில் முக்கால்வாசிப் பேர் கேட்கிற முதல் கேள்வி, "காதை அறுத்துக்கிட்டாரே, அவர்தானே சார்?" என்பதுதான்.

அவரேதான். வின்சென்ட் வான்கா. ஹாலந்துக்காரர். (பெயரை எப்படிச் சொன்னாலும் தப்பு. வான் கோ, வான் காஃப், வான் கோக்... டச்சுக்காரர்கள் மட்டும் தொண்டையில் மீன் முள் மாட்டிக்கொண்டது போல ஒரு சத்தம் எழுப்பிச் சரியாக உச்சரிக்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்களுக்கே வாயில் நுழையவில்லை. அதனால்தான் மனிதர் படத்தின் மூலையில் 'வின்சென்ட்' என்று மட்டும் கையெழுத்துப் போட்டார்!)

காது சமாசாரம் நடந்தது 1888 டிசம்பரில். அதைப் பற்றி எக்கச்சக்கமாக எழுதியாகிவிட்டது. எனவே காதை விட்டுவிடுவோம். இப்போது நாம் போகப்போவது ஒரு சின்ன ஊருக்கு. அங்கே ஒரு பழைய சர்ச். அதைத் தாண்டி மேட்டில் ஒரு கல்லறைத் தோட்டம். இந்த இரண்டையும் பார்க்க உலகம் முழுவதிலுமிருந்து ரயிலேறி வருகிறார்கள்.

ஊரின் பெயர் ஓவேர்-சுர்-வாஸ். பாரிஸுக்கு வடமேற்கே சுமார் 30 கிலோமீட்டர். 'வாஸ்' என்பது ஆற்றின் பெயர். ஆற்றை ஒட்டி நீளமாகப் படுத்திருக்கிற ஊர். நாம் சுருக்கமாக ஓவேர் என்றே வைத்துக்கொள்வோம்.

1890-ம் வருஷம் மே 20-ம் தேதி வான்கா இங்கே வந்து இறங்கினார். வயசு 37. அதற்கு முன் ஒரு வருஷம் தெற்கு பிரான்ஸில் சான்-ரெமி என்ற ஊரில் மனநோய் விடுதியில் இருந்தவர். ஓவேரில் காஷே என்றொரு டாக்டர் இருந்தார். ஓவியர்களுக்கெல்லாம் சிநேகிதர், தானும் கொஞ்சம் வரைவார். "அவர் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லி அனுப்பிவைத்தார்கள். டாக்டரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்த வான்கா, 'இந்த டாக்டர் என்னைவிடப் பெரிய நோயாளியாக அல்லவா இருக்கிறார்!' என்கிற தோரணையில் தம்பிக்குக் கடிதம் எழுதினார்.

தங்கியது ராவூ என்பவர் நடத்திய சாப்பாட்டு விடுதியில். கூரைக்கு அடியில் ஓர் அறை. 7 சதுர மீட்டர். ஜன்னல் கிடையாது, கூரையில் ஒரு கண்ணாடித் திறப்பு, அவ்வளவுதான். ரூமும் சாப்பாடும் சேர்த்து நாளைக்கு மூன்றரை பிராங்க். பேச்சலர் அறையில் காலம் தள்ளியவர்களுக்கு அந்த இடம் உடனே புரிந்துவிடும்: ஒரு கட்டில், ஒரு நாற்காலி, மிச்ச இடத்தில் நீங்கள்.

அங்கே அவர் இருந்தது மொத்தம் 70 நாள். வரைந்தது 70 ஆயில் பெயிண்டிங்குக்கும் மேலே! நாளைக்கு ஒன்று என்ற கணக்கு. காலையில் கான்வாஸைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால் வீடு, வயல், தோட்டம், டாக்டர், விடுதிக்காரர் மகள் என்று எது கண்ணில் பட்டாலும் விடவில்லை.

ஜூன் மாதம் முதல் வாரம் கண்ணில் பட்டது ஊர் சர்ச்.

'அந்தச் சர்ச்சில் அப்படி என்ன இருக்கிறது?' என்று நேரில் போய்ப் பார்த்தால், ஒன்றுமில்லை! 12, 13-ம் நூற்றாண்டுகளில் கட்டிய கல் கட்டடம். பழுப்பேறிய சுவர். கட்டை குட்டையாக ஒரு மணிக்கூண்டு. பிரான்ஸில் இந்த மாதிரி சர்ச் தடுக்கி விழுந்தால் ஒன்று இருக்கும். ஆனால் அதன் பின்பக்கத்தில், படத்தின் பிரதி ஒன்றைப் பலகையில் அச்சடித்து வைத்திருக்கிறார்கள். பலகையையும் கட்டடத்தையும் மாறி மாறிப் பார்க்கும்போதுதான் தூக்கிவாரிப் போடுகிறது.

படத்தில் சர்ச் நேராகவே நிற்கவில்லை. கூரை வளைந்து நெளிகிறது. சுவர் ஊதா பூத்திருக்கிறது. மேலே ஆகாயம் சாதா நீலம் இல்லை, இங்க் பாட்டிலைக் கவிழ்த்த மாதிரி நீலம். பகலா, இரவா என்றே சொல்ல முடியாது. தரையில் வெயில், மேலே ராத்திரி! முன்னால் பாதை இரண்டாகப் பிரிந்து சர்ச்சின் இரண்டு பக்கமும் போகிறது. இடது பக்கப் பாதையில் ஒரு கிராமத்துப் பெண், நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போகிறாள். தலையில் ஹாலந்துப் பெண்கள் அணிகிற மாதிரி குல்லாய்.

படத்தில் வாசல் கதவு இல்லை. எங்கே தேடினாலும் இல்லை. ஜன்னல்கள் உண்டு, அதுவும் உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டாத கருநீல ஜன்னல்கள். "மதம் அவருக்குக் கதவைச் சாத்திவிட்டது, அதைத்தான் வரைந்திருக்கிறார்" என்று பண்டிதர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதமில்லை. அவர் நின்றது சர்ச்சின் பின்பக்கம். பின்பக்கம் நின்றால் வாசல் எப்படித் தெரியும்? ஆனால் ஏழெட்டு வாரம் கழித்து நடந்ததை நினைத்துப் பார்த்தால், பண்டிதர்களையும் ரொம்பக் கோபித்துக்கொள்ள முடியவில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

ஜூன் 5-ம் தேதி வாக்கில் தங்கைக்கு எழுதிய கடிதத்தில் இந்தப் படத்தைப் பற்றி நிறம் நிறமாக வர்ணிக்கிறார் வான்கா. அதில் ஒரு விஷயம் சொல்கிறார்: நூனெனில் வரைந்த பழைய கோபுரமும் கல்லறையும் போலத்தான் இதுவும், நிறம்தான் இப்போது கூடுதல்.

நூனெனா? அது எங்கே? இங்கே கொஞ்சம் ஹாலந்துக்குப் போய்விட்டு வரவேண்டியிருக்கிறது.

வான்காவின் அப்பா பிராட்டஸ்டன்ட் பாதிரியார். வின்சென்ட் பிறந்தது ஸுண்டெர்ட் என்ற கிராமத்தில், 1853 மார்ச் 30. சரியாக ஒரு வருஷத்துக்கு முன், அதே மார்ச் 30, அதே வீட்டில் ஒரு குழந்தை இறந்தே பிறந்தது. அதற்கு வைத்த பெயர்? வின்சென்ட்! அந்தப் பெயரையே அடுத்த குழந்தைக்கும் வைத்தார்கள். (அந்தக் காலத்தில் அது சகஜம்.) முதல் குழந்தையைப் புதைத்தது அப்பா பிரசங்கம் பண்ணுகிற சர்ச்சை ஒட்டிய கல்லறையில். எனவே சின்னப் பையன் வின்சென்ட் சர்ச்சுக்குப் போகிறபோதெல்லாம் ஒரு கல்லைத் தாண்டித்தான் போகவேண்டும். அதில் செதுக்கியிருந்தது: வின்சென்ட் வான்கா, 1852.

எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த வயசில், ஒரு கல்லறையில் தன் பெயரையே படித்த பையன். அது அவனை என்ன செய்தது என்று மனோதத்துவக்காரர்கள் சண்டை போட்டுக்கொள்ளட்டும். கல் இன்றும் அங்கே இருக்கிறது.

பெரியவனான பிறகு தானும் அப்பா மாதிரி பாதிரியாராகிவிட வேண்டும் என்று துடித்தார். பெல்ஜியத்தில் போரினாஜ் என்கிற நிலக்கரிச் சுரங்கப் பகுதிக்குப் போய்ப் பிரசங்கம் செய்தார். வெறும் பிரசங்கமா? தன் துணிமணியை எடுத்துத் தொழிலாளிகளுக்குக் கொடுத்துவிட்டுக் குடிசையில் படுத்தார். ஏசுநாதர் சொன்னதை அட்சரம் பிசகாமல் செய்தால் சபை சந்தோஷப்படும் என்று நினைத்தார் போல! 'இது ரொம்ப ஓவர்' என்று வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் பென்சிலைப் பிடித்தார். வயசு 27.

நூனென் என்பது அப்பாவுக்கு அப்புறம் மாற்றலான ஊர். அங்கே வயலுக்கு நடுவே இடியப்போகிற பழைய சர்ச் கோபுரம் ஒன்று, சுற்றிலும் ஏழை விவசாயிகளின் மரச் சிலுவைகள். 1885 மார்ச்சில் அப்பா காலமாகி அங்கேதான் புதைக்கப்பட்டார். சில வாரங்களில் அந்தக் கோபுரத்தை வான்கா வரைந்தார். உழுது உழுது உழைத்த அதே மண்ணிலேயே விவசாயி எவ்வளவு சாதாரணமாகப் போய்ச் சேர்கிறான் என்று காட்ட விரும்பியதாகத் தம்பிக்கு எழுதினார். கோபுரத்தை அந்த வருஷமே இடித்துவிட்டார்கள்.

ஐந்து வருஷம் கழித்து பிரான்ஸில் ஒரு கத்தோலிக்க சர்ச்சைப் பார்த்ததும் இவருக்கு அந்தக் கோபுரம்தான் ஞாபகம் வந்திருக்கிறது. பிரெஞ்சு ஊர்ப் பாதையில் ஹாலந்துக் குல்லாய் போட்ட பெண் எப்படி வந்தாள் என்பதும் இப்போது புரிகிறதா?

இதுவரை இரண்டு மூன்று இடத்தில் 'தம்பி' என்று எழுதிவிட்டேன். இனிமேல் கதையே அவர்தான்.

பெயர் தியோ. நான்கு வயசு இளையவர். பாரிஸில் படங்கள் விற்கிற ஒரு பெரிய கம்பெனியில், கிளை ஒன்றின் மேனேஜர். வேடிக்கை என்னவென்றால் அதே கம்பெனியில் முதலில் வேலைக்குச் சேர்ந்தது அண்ணன்தான், 16 வயசில். ஏழு வருஷத்தில் சீட்டுக் கிழிந்தது. பின்னால் சேர்ந்த தம்பி கடைசி வரை தாக்குப்பிடித்தார். முதலாளிகள் சொல்வதற்குத் தலையாட்டிக்கொண்டு, வாடிக்கையாளர்களுக்குப் பிடித்த படங்களை விற்றுக்கொண்டு, தனக்குப் பிடித்த புது ஓவியர்களை மாடியில் மாட்டிக்கொண்டு... ஆபீசில் பத்து வருஷம் குப்பை கொட்டியவர்களுக்கு இந்த வித்தை தெரிந்ததுதான்.

மாதாமாதம் அண்ணனுக்குப் பணம் போகும். சுமார் 150 பிராங்க். ராவூ விடுதிக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்: மூன்றரை பிராங்க் வீதம் முப்பது நாளைக்கு 105. மிச்சம் 45-ல் புகையிலை, சலவை, தபால்தலை. பெயிண்ட், கான்வாஸ் செலவு தனி. அதையும் தியோவே வாங்கிப் பார்சல் அனுப்புவார். இது ஒரு மாதம், இரண்டு மாதம் இல்லை; சுமார் பத்து வருஷம்! சும்மா வாங்க அண்ணனுக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. 1884-ல் ஓர் ஏற்பாடு செய்தார்: 'நீ அனுப்புகிற பணம் எனக்குச் சம்பளம். நான் வரைகிற படமெல்லாம் உனக்குச் சொந்தம்.' விலை போகாத படங்கள் தம்பி வீட்டில் கட்டிலுக்கடியிலும் பரண் மீதும் குவிந்தன.

1889 ஏப்ரலில் தியோவுக்குக் கல்யாணம். பெண் ஹாலந்துக்காரி, ஜோஹன்னா. எல்லோரும் ஜோ என்று கூப்பிடுவார்கள். இங்கிலீஷ் டீச்சராக இருந்தவர். பாரிஸில் கணவன் வீட்டுக்கு வந்த புதுசில், ஒரு சின்ன மேஜையின் டிராயரைத் திறந்தால்... உள்ளே முழுக்க முழுக்க மைத்துனர் கடிதங்கள். தியோ ஒரு கடிதத்தையும் தூக்கிப் போடவில்லை. (தம்பி எழுதியவற்றில் அண்ணன் பத்திரப்படுத்தியது ரொம்பக் கொஞ்சம். அண்ணன்கள் அப்படித்தான்.)

1890 ஜனவரி 31-ல் குழந்தை பிறந்தது. ஆண். பெரியப்பா பெயரையே வைத்தார்கள். வின்சென்ட்! மறுபடியும் அதே பெயர். பெரியப்பா, நீல ஆகாயத்தில் வெள்ளைப் பூப் பூத்த பாதாம் கிளை ஒன்றை வரைந்து அனுப்பிவைத்தார், தொட்டில் இருக்கிற அறையில் மாட்டச் சொல்லி.

ஜூன் 8, ஞாயிற்றுக்கிழமை. தியோ, ஜோ, குழந்தை மூவரும் ரயிலேறி ஓவேருக்கு வந்தார்கள். டாக்டர் காஷே வீட்டில் மத்தியானச் சாப்பாடு. ஸ்டேஷனுக்கே வந்துவிட்ட பெரியப்பா, நாலு மாதக் குழந்தைக்கு விளையாட்டுச் சாமான் என்று ஒரு குருவிக் கூட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். பிறகு குழந்தையைத் தூக்கிக்கொண்டு டாக்டர் வீட்டுக் கோழி, வாத்து, பூனை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் காட்டினார். சர்ச் படத்தை வரைந்து முடித்திருந்த வாரம் அது. ஜோ பின்னாளில் எழுதியதைப் படித்தால், அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள் என்று தெரிகிறது.

ஜூலையில் எல்லாம் மாறிப்போனது. குழந்தைக்கு உடம்பு முடியவில்லை. ஆபீசில் தியோவுக்கும் முதலாளிகளுக்கும் ஒத்துவரவில்லை. "சம்பளத்தை ஏற்றுங்கள், இல்லாவிட்டால் வேலையை விட்டுவிட்டுத் தனியாகக் கடை வைக்கப் போகிறேன்" என்கிற கட்டம். ஜூலை 6-ம் தேதி பாரிஸுக்குப் போன வான்கா, வீட்டில் நிலவிய பதற்றத்தைப் பார்த்துவிட்டு அன்றே ஓவேருக்குத் திரும்பிவிட்டார். தம்பிக்குத் தான் பாரமாகிவிட்டோமே என்ற பயம் அடுத்த கடிதத்தில் தெரிகிறது. யாரும் அவரிடம் அப்படிச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதில்லையே! கடன் வாங்கிச் சாப்பிடுகிறவனுக்கு, எதிரே இருப்பவர் பெருமூச்சு விட்டாலே போதும்.

ஜூலை 27, ஞாயிறு. மாலையில் கான்வாஸோடு போனவர் இருட்டிய பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார். யாரிடமும் பேசாமல் மாடி ஏறினார். ராவூ போய்ப் பார்த்தால் ரத்தம். மார்புக்குக் கீழே துப்பாக்கிக் குண்டு. தானே சுட்டுக்கொண்டதாகச் சொன்னார். (2011-ல் இரண்டு அமெரிக்க எழுத்தாளர்கள், 'ஊர்ப் பையன்கள் கைதவறிச் சுட்டிருப்பார்கள், இவர் அவர்களைக் காட்டிக்கொடுக்கவில்லை' என்று ஒரு கட்சி கிளப்பினார்கள். பரபரப்பாகப் பேசப்பட்டது, பெரும்பாலான ஆராய்ச்சியாளர்கள் ஏற்கவில்லை.)

தம்பிக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். வீட்டு விலாசம் கேட்டார் டாக்டர் காஷே. வான்கா கொடுக்க மறுத்துவிட்டார்! வேறு வழியில்லாமல் டாக்டர் ஆபீஸ் விலாசத்துக்குச் சீட்டு எழுதி, விடுதியில் தங்கியிருந்த இன்னொரு ஓவியரிடம் கொடுத்தனுப்பினார். ஆக, திங்கட்கிழமை காலை ஆபீசுக்கு வந்த தியோ கையில் அந்தச் சீட்டுத்தான் கிடைத்தது. ஜோவும் குழந்தையும் அப்போது ஹாலந்தில். தியோ கிடைத்த ரயிலைப் பிடித்து ஓடினார்.

வந்து பார்த்தால் அண்ணன் கட்டிலில் படுத்து பைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்! பிழைத்துவிடுவார் என்றுகூட தியோவுக்கு நம்பிக்கை வந்தது. பகல் முழுவதும் இருவரும் தாய்மொழியில் பேசிக்கொண்டிருந்தார்கள். ராத்திரி மூச்சுத் திணற ஆரம்பித்தது. குறுகலான அந்தக் கட்டிலில் தம்பி பக்கத்திலேயே இருந்தார். விடிந்தால் செவ்வாய், ஜூலை 29. அதிகாலை ஒன்றரை மணிக்கு முடிந்துவிட்டது.

இனிதான் அந்தக் கதவு விஷயம்.

செத்தவர் தற்கொலை. போதாக்குறைக்குப் பிராட்டஸ்டன்ட். ஊரில் இருப்பது கத்தோலிக்க சர்ச். அங்கே பிரார்த்தனை நடக்கவில்லை. சர்ச்சின் சவ வண்டியைக்கூடத் தரமுடியாது என்று சொல்லிவிட்டார் பங்குத் தந்தை. ஏழெட்டு வாரத்துக்கு முன்னால் எந்தச் சர்ச்சை அவ்வளவு ஆசையாக வரைந்தாரோ, அதே சர்ச்! பக்கத்து ஊரிலிருந்து வண்டி கடன் வாங்கி வந்தார்கள்.

(பங்குத் தந்தையை இப்போது திட்டிப் பிரயோஜனமில்லை. அன்றைய சட்டம் அப்படி. தவிர, அவருக்குத் தெரிந்த வான்கா யார்? அழுக்குச் சட்டையும் வைக்கோல் தொப்பியுமாக வயலில் அலைந்த ஓர் அந்நியன். அவ்வளவுதான்.)

ஜூலை 30. பாரிஸிலிருந்து ஓவிய நண்பர்கள் சிலர் வந்தார்கள். பெயிண்ட் கடைக்காரர் கிழவர் தாங்கி வந்தார். விடுதியின் ஒரு கூடத்தில் சவப்பெட்டி. சுற்றிச் சுவர் முழுக்க அவருடைய கடைசிப் படங்கள். பெட்டி மேலும் கீழும் மஞ்சள் பூக்கள், சூரியகாந்தி, டாலியா. மஞ்சள் அவருக்குப் பிடித்த நிறம். பெட்டிக்கு முன்னால் தரையில் ஈஸல், மடக்கு ஸ்டூல், பிரஷ்கள். இதையெல்லாம் பார்த்து எழுதிவைத்தவர் எமில் பெர்னார் என்கிற இளம் ஓவியர்.

மூன்று மணிக்குக் கிளம்பினார்கள். கொளுத்துகிற வெயில். மேட்டில் ஏறவேண்டும். வழியெல்லாம் தியோ தேம்பித் தேம்பி அழுதார். மேலே கல்லறைத் தோட்டம் அப்போதுதான் புதிதாகப் போட்டது; சுற்றிலும் அறுவடைக்கு நின்ற கோதுமை. குழிக்குப் பக்கத்தில் டாக்டர் காஷே இரண்டு வார்த்தை பேச எழுந்தார். அழுகையில் பேச்சு வரவில்லை. ஏதோ குழறிவிட்டு நின்றுவிட்டார்.

அண்ணன் போனபின் தியோ செய்ய நினைத்தது ஒன்றே ஒன்று: ஒரு கண்காட்சி. பெரிய கேலரி ஒன்றைக் கேட்டார், மறுத்துவிட்டார்கள். கடைசியில் சொந்த வீட்டுச் சுவரிலேயே படங்களை மாட்டினார். அக்டோபரில் அவரே விழுந்துவிட்டார். சிபிலிஸ் முற்றி மூளையைத் தாக்கியிருந்தது. ஹாலந்துக்குக் கொண்டுபோய் உட்ரெக்ட் நகர ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். 1891 ஜனவரி 25, தியோவும் காலி. வயசு 33. அண்ணன் இறந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. உட்ரெக்டிலேயே அடக்கம் செய்தார்கள்.

ஜோவுக்கு அப்போது 28 வயசு. குழந்தையின் முதல் பிறந்த நாளுக்கு இன்னும் ஆறு நாள் பாக்கி. சொத்து என்று பார்த்தால் யாரும் வாங்காத சுமார் 400 பெயிண்டிங், நூற்றுக்கணக்கில் டிராயிங், ஒரு டிராயர் நிறையக் கடிதம்.

அந்தப் பெண் என்ன செய்தார் தெரியுமா? எல்லாவற்றையும் மூட்டை கட்டி ஹாலந்துக்குக் கொண்டுபோனார். புஸ்ஸும் என்ற ஊரில் வீடு பிடித்து, வாடகைக்கு ஆள் தங்கவைத்து, சமைத்துப் போட்டுப் பிழைத்தார். சுவரெல்லாம் வான்கா. ராத்திரி குழந்தை தூங்கினதும் கடிதங்களைப் படிப்பார். பாதிக்கு மேல் தேதியே கிடையாது. உள்ளே சொல்லியிருக்கிற விஷயத்தை வைத்து ஒவ்வொன்றாக வரிசைப்படுத்தினார். கணவர் தனக்குக் குழந்தையோடு இன்னொரு பொறுப்பையும் விட்டுப்போயிருக்கிறார், அது வின்சென்ட்டின் படங்கள் என்று டைரியில் எழுதிக்கொண்டார்.

விற்பனையில் பலே கெட்டிக்காரி. எல்லாவற்றையும் ஒரேயடியாகச் சந்தையில் கொட்டவில்லை. நல்ல படங்களைக் கண்காட்சிக்கு அனுப்புவார். பக்கத்தில் விற்பனைக்கு இரண்டு வைப்பார். 1905-ல் ஆம்ஸ்டர்டாமில் 480-க்கும் மேற்பட்ட படங்களை வைத்துப் பிரம்மாண்டமான கண்காட்சி நடத்திக் காட்டினார்.

அதே 1905-ல்தான் ஓவேரிலிருந்து ஒரு பிரச்னை வந்தது. வான்கா கல்லறைக்கான குத்தகை 15 வருஷம், காலம் முடிந்துவிட்டது! (செத்த பிறகும் வாடகைப் பாக்கி!) தோண்டி எடுத்து அதே தோட்டத்தில் வேறு இடத்துக்கு மாற்ற ஏற்பாடு செய்தார் ஜோ. அவர் பிடித்த புது இடம் இரண்டு பேருக்கு.

ஜோ 1901-ல் மறுமணம் செய்துகொண்டவர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டாவது கணவரும் ஓவியர்தான். 1912-ல் அவரும் காலமாகிவிட்டார்.

1914-ல் ஜோ இரண்டு காரியம் செய்தார். ஒன்று, 23 வருஷமாக வைத்திருந்த கடிதங்களைப் புத்தகமாக வெளியிட்டார். ஏன் இவ்வளவு தாமதம் என்றால், முதலில் படத்துக்காக அவரை மதிக்கட்டும், சொந்தக் கதை அப்புறம் தெரிந்தால் போதும் என்று காத்திருந்தாராம். இரண்டாவது, உட்ரெக்டிலிருந்து தியோவின் எலும்புகளை எடுத்து வந்து, ஓவேரில் அண்ணன் பக்கத்தில் புதைத்தார். ஒன்பது வருஷமாகக் காலியாக இருந்த இடம் நிரம்பியது. சில மாதத்தில் முதல் உலக யுத்தம். கொஞ்சம் தாமதித்திருந்தால் எல்லை தாண்டியிருக்க முடியாது.

ஒன்றரை வருஷத்துக்குச் சற்று மேல்தான் தியோவோடு குடும்பம் நடத்தினார். மைத்துனரை நேரில் பார்த்த நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். 1925-ல் சாகும்வரை அந்தக் கடிதங்களை இங்கிலீஷில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். 1973-ல் ஆம்ஸ்டர்டாமில் வான்கா மியூசியம் திறந்தபோது, உள்ளே இருந்தவற்றில் பெரும்பகுதி அவர் விற்காமல் காப்பாற்றியவை. திறக்கக் காரணமாக இருந்தவர், குருவிக் கூட்டை வைத்து விளையாடிய அந்தக் குழந்தை; என்ஜினீயராகி, கிழவராகியிருந்தார்.

மிச்சக் கதை பேப்பரில் படித்திருப்பீர்கள். டாக்டர் காஷேயை வான்கா வரைந்த படத்தை 1990 மே மாதம் நியூயார்க்கில் ஏலம் விட்டார்கள். 8 கோடியே 25 லட்சம் டாலர்! அன்றைய தேதிக்கு உலகிலேயே விலை உயர்ந்த பெயிண்டிங். வாங்கிய ஜப்பானியத் தொழிலதிபர் சைட்டோ, "நான் செத்தால் படத்தையும் என்னோடு சேர்த்து எரித்துவிடுங்கள்" என்று சொல்லி உலகத்தை அலறவைத்தார். அப்புறம் "சும்மா தமாஷ்" என்றார். 1996-ல் போய்ச் சேர்ந்தார், நல்லவேளையாகத் தனியாக. 2019-ல் இன்னொரு கூத்து: ஓவேர் வயலில் ஒரு விவசாயி கண்டெடுத்த துருப்பிடித்த ரிவால்வர், 'வான்கா சுட்டுக்கொண்டது இதுவாக இருக்கலாம்' என்ற அடைமொழியோடு பாரிஸில் ஏலம் போனது. 1,62,500 யூரோ. ஒரு 'இருக்கலாம்' எவ்வளவு பெறுகிறது பாருங்கள்!

ஓவேருக்கு யாராவது போவதாக இருந்தால் சில குறிப்புகள். சர்ச் படத்தின் ஒரிஜினல் ஊரில் கிடையாது, பாரிஸ் ஓர்ஸே மியூசியத்தில் 1986-லிருந்து இருக்கிறது. முதலில் அதைப் பார்த்துவிட்டு ரயிலேறுங்கள். சர்ச்சுக்குள்ளே தாராளமாகப் போகலாம், வாசல் மறுபக்கம். அங்கிருந்து மேடேறினால் வயல். காக்கைகள் பறக்கிற அந்தப் பிரசித்தி பெற்ற கோதுமை வயல் படம் இந்தப் பக்கம் வரைந்ததுதான். 'அதுதான் கடைசிப் படம்' என்று கைடுகள் சொன்னால் நம்பாதீர்கள், சினிமா கிளப்பிவிட்டது. கடைசியாக வரைந்தது மரவேர்கள். அந்த வேர்கள் இருந்த இடத்தைக்கூட 2020-ல் ஒரு பழைய போஸ்ட்கார்டை வைத்துக் கண்டுபிடித்துவிட்டார்கள், விடுதியிலிருந்து கூப்பிடு தூரத்தில்.

கல்லறைத் தோட்டத்தில் பெரிய மண்டபம், சிலை என்று தேடினால் ஏமாந்துபோவீர்கள். சுவரோரமாகப் போங்கள். ஒரே அளவில் முழங்கால் உயரத்துக்கு இரண்டு சாதாரணக் கல். இடது பக்கம் வின்சென்ட், 1853-1890. வலது பக்கம் தியோ, 1857-1891. இரண்டையும் சேர்த்து ஒரே ஐவிக் கொடி படர்ந்து மூடியிருக்கிறது, டாக்டர் காஷே தோட்டத்திலிருந்து வந்தது என்கிறார்கள். யாராவது ஒரு சூரியகாந்தியை வைத்துவிட்டுப் போயிருப்பார்கள், பெரும்பாலும் இடது பக்கக் கல்லில்.